மூக்கு வைத்த ஒன்று

இன்று காலை உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். தையில் கண்ணை மூடினீர்கள், இப்போது ஆவணி. இத்தனை நாள் அதைத் தொட மனசு வரவில்லை. மூடியைத் தூக்கியதும் அந்தப் பாழாய்ப்போன அத்தர் வாசனை லேசாக மூக்கில் ஏறியது.

தபால்தலை மேல் உங்களுக்கு இருந்த பைத்தியம் பாகூர் முழுக்கத் தெரியும். ஊர் பிரெஞ்சுக்காரன் கையை விட்டுப் போன வருஷம் சைகோன் வேலையை விட்டுவிட்டு வந்தீர்கள். நகைநட்டு வரும் என்று உங்கள் அம்மா காத்திருக்க, பெட்டி நிறையப் பழைய உறைகளோடு வந்து இறங்கினீர்களாம். பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை முடிந்து வந்ததும், கிண்ணத்துத் தண்ணீரில் உறையை ஊறப்போட்டு, தபால்தலையை நோகாமல் உரித்து, செய்தித்தாளில் காயவைப்பீர்கள். "இங்க வாடி, இந்த முத்திரையில தேதியைப் பாரு. இது குத்துன அன்னிக்கு நம்ம ஊர்ல பிரெஞ்சுக் கொடி" என்பீர்கள். என் முகத்தை ஒரு நாளாவது அப்படிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா?

ஐம்பத்தாறு மாசியில் நமக்குக் கல்யாணம். ஆடி பிறந்ததும் வழக்கப்படி என்னை அரியூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் திரும்பி வந்து பெட்டியைத் துடைத்தபோதுதான் அந்த ஓர் உறையைப் பார்த்தேன். எல்லா உறையையும் உரித்த மனுஷன் இதை மட்டும் தண்ணீரில் போடவில்லை. உள்ளே கடிதம் இல்லை, வாசனை மட்டும் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எண் தெரியும். சைகோன் முத்திரை, 7-7-1956. அது ஆனிக் கடைசி. கப்பலில் வந்து சேரும்போது ஆடி ஆகியிருக்கும். நான் சோறு இறங்காமல் உங்களையே நினைத்துக்கொண்டு கிடந்த அதே ஆடி. தாலி கட்டிய பிறகும் ஒருத்தி எழுதுகிறாள், இவரும் பொத்தி வைக்கிறார் என்று எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். பிறகு ஒருநாள் வழக்கம்போல் தேதி பார்க்கக் கூப்பிட்டபோது, "உங்க சைகோன்காரியைக் கூப்பிட்டுக் காட்டுங்க" என்று வாய்விட்டுச் சொல்லியே விட்டேன். உங்கள் முகம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்களோ, கையிலிருந்த தபால்தலையில் அச்சாகியிருந்த பெண்ணைச் சொல்கிறேன் என்று நினைத்து, "அவ வாயே தொறக்க மாட்டா, அதான் உன்னைக் கூப்புடுறேன்" என்று சிரித்தீர்கள். ஆத்திரத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. அதையும் வழித்துச் சாப்பிட்டு எழுந்தீர்கள்.

ஊர் இப்போது சட்டப்படியும் கை மாறிவிட்டதாம். பிரெஞ்சுக் காலத்துத் தபால்தலைக்குத் திடீரென்று மவுசு. உங்களோடு வேலை பார்த்த வில்லியனூர் அண்ணன், அவரும் சேர்க்கிறவர்தானே, பெட்டியைக் கேட்டிருந்தார். இன்று வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் தேதியைப் படித்துக்கொண்டே வந்தவர், அந்த உறையை எடுத்து, ஐம்பத்தாறு ஜனவரி ஒன்று என்றார். ஜூலை ஏழு என்று திருத்தினேன். எனக்கா தெரியாது, ஆறு வருஷமாய்ப் படிக்கிறேன்.

"இல்ல தங்கச்சி. பிரெஞ்சுக்காரன் ஒண்ணாம் நம்பருக்கு மூக்கு வச்சுத்தான் போடுவான், பாக்க ஏழு மாதிரி இருக்கும். வருசத்தைப் பாரு, மொத நம்பரும் அதேதான். அதை மட்டும் இன்னான்னு படிச்ச?"

பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். மூன்றும் ஒரே எண். வருஷத்தில் இருந்ததை ஒன்று என்று படித்திருக்கிறேன். பக்கத்திலேயே இருந்த மற்ற இரண்டையும் ஏழு என்று படித்திருக்கிறேன். ஜனவரி ஒன்றாம் தேதி நீங்கள் என்னைப் பெண் பார்க்கக்கூட வந்திருக்கவில்லை. ஐயோ, என்ன காரியம் செய்தேன் என்று அந்த அண்ணன் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் கூப்பிடக் கூப்பிட முகத்தைத் திருப்பிக்கொண்டு போன நாட்கள் எத்தனை!

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, உறையின் பின்பக்கம் அனுப்பினவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று கேட்டேன். அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். பெண் பெயர்தானாம். நீங்கள் அங்கே குடியிருந்த வீட்டுக்காரம்மாவாக இருக்கும், புது வருஷ வாழ்த்தாக இருக்கும் என்று இழுத்தார். இருக்கும் என்றேன். வீட்டுக்காரம்மாவுக்கு அத்தர் எதற்கு?

அந்த ஆடியில் அரியூரிலிருந்து நானும் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். அரியூர் முத்திரையோடு அதன் தபால்தலை மட்டும் பெட்டியில் இருக்கிறது. உறையைக் காணோம். என்னுடையதைத் தண்ணீரில் போட்டிருக்கிறீர்கள், அவளுடையதைப் போடவில்லை.

பெட்டியைக் கொடுத்துவிட்டேன். அந்த உறையையும் அண்ணன் கேட்டார், தரமாட்டேன் என்றேன். உங்களோடு சண்டை போட எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். ஆறு வருஷம் தப்புத் தேதிக்குப் பொறாமைப்பட்டேன். இனிமேல் சரியான தேதிக்குப் படுகிறேன்.