சுல்தான் கேட்ட கேள்வி

மார்ச் 5, திங்கள்

பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்ற முன்னமே "சீனி" என்று கூப்பிட்டேன். மற்ற நாட்களில் படலைச் சத்தம் கேட்டதுமே கூட்டுக் கம்பியைக் கடித்து ஆர்ப்பாட்டம் செய்யும். இன்று கூடு திறந்து கிடந்தது. ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், நடு அறையில் ஸுலைஹாவின் மடியில் இருந்து பேரீச்சம்பழம் கொத்திக்கொண்டிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு பழத்தைப் பார்த்தது.

ஆறு வருடம். இறகு முளைக்காத கிளிக் குஞ்சாகத் தென்னை மரத்தடியில் கிடந்ததை எடுத்து, கஞ்சி ஊட்டி வளர்த்தவள் நான்.

"தானாத்தான் வந்திச்சு ராத்தா. நான் கூப்பிடல்ல" என்றாள் ஸுலைஹா.

அதுதான் எரிகிறது. கூப்பிட்டிருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம்.

மார்ச் 6, செவ்வாய்

என் தங்கச்சி ஸுலைஹா இத்தா இருக்க இங்கே வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. முந்தல் ஊரில் கடையும் வீடும் ஒன்றாக வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். அவளுடைய மாப்பிள்ளை முஹ்ஸின் அரிசி நிறுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மவுத்தானார். பிள்ளை இல்லை. தனியாக அங்கே எப்படி இருப்பாள்? நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல் அறைக்குள் இருக்க வேண்டும். அதற்காக எங்கள் அறையையே விட்டுக் கொடுத்தோம். என் மனுசன் செய்னுலாப்தீன் தன் சொந்த வீட்டுக்குள் குசினிக் கதவால் வந்து போகிறார்.

எல்லாம் மனமறிந்து செய்ததுதான். தொண்ணூறில் விரட்டப்பட்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்தபோது, கரை சேரும் வரை என் பாவாடையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை அவள். அறையைக் கொடுத்தேன். கட்டிலைக் கொடுத்தேன். அலுமாரியில் இரண்டு தட்டுக் கொடுத்தேன்.

சீனியை நான் கொடுக்கவில்லை.

மார்ச் 8, வியாழன்

அவள் தனியாகவும் வரவில்லை. முஹ்ஸின் வளர்த்த கிளியையும் கொண்டுவந்தாள். பெயர் சுல்தான். கழுத்தில் சிவப்பு வளையம், பெரிய தலை, என்னைக் கண்டால் முதுகைக் காட்டும். அது பேசுவது ஒரே ஒரு பேச்சு. மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில் தொடங்கும்.

"ஸுலைஹா, திண்டியா?"

முஹ்ஸினுடைய அதே குரல். கடையை மூடிவிட்டு உள்ளே வரும்போது, சாப்பிட்டாயா என்று அவர் கேட்பது. 'ஸுலைஹா'வில் கொஞ்சம் இழுத்து, 'திண்டியா'வை மெதுவாகக் கேட்பார். கூட்டுக்குள்ளிருந்து அது கேட்கும்போது எனக்கு முதல் நாள் மேலெல்லாம் புல்லரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு "திண்ட" என்பாள். திண்டிருக்கவும் மாட்டாள்.

எனக்குக் கலியாணமாகி இருபது வருடம். என் மனுசன் என்னை முதலில் "இஞ்ச" என்று கூப்பிட்டார். அஸ்மி பிறந்த பிறகு "அஸ்மிட உம்மா". அஸ்மி கட்டாருக்குப் போய் ஒரு வருடமாகிறது, இன்னும் அஸ்மிட உம்மாதான். நல்ல மனிதர். கை நீட்டியதில்லை, கருவாட்டு வியாபாரத்தில் வருவதை அப்படியே கையில் தருவார். ஆனால் திண்டியா என்று ஒரு நாள்? ஒரு நாளாவது? கறியில் உப்புக் கூடிவிட்டது என்றுதான் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

புருசனைப் பறிகொடுத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். ஆனால் படுகிறேன். பொய்யை இந்த டயறியிலும் எழுதினால் பிறகு எங்கே போய் உண்மை சொல்வது?

மார்ச் 9, வெள்ளி

இன்று சாப்பிட்டேன். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 19, திங்கள்

கண்டக்குழியிலிருந்து அல்பொன்சா அக்கா மீன் கொண்டுவந்தா. சூடை. நிறுத்துக் கொடுத்துவிட்டு என் வெறுங் கூட்டைப் பார்த்தா.

"ரெண்டு கிளியும் உள்ளுக்கோ? உங்கட கூடு சும்மா கிடக்குது பிள்ளை."

"ஓம், ஸுலைஹாவுக்குத் துணையா இரிக்கட்டும் எண்டு நான்தான் விட்ட" என்றேன். என்ன வாய் எனக்கு! பெருந்தன்மை அப்படியே வழிகிறது.

உண்மை என்னவென்றால், நேற்றுப் பின்னேரம் சீனியைப் பிடித்து என் தோளில் வைத்தேன். காதைக் கடித்தது. இரத்தம். மருந்து போட்டது ஸுலைஹா. அவளுடைய கை குளிர்ச்சியாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க அறைக்குள் இருப்பவளோடு ஒரு சீவன் ஒட்டிக்கொள்ளும்தான். நான் காலையில் போய்ப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துவிட்டு மத்தியானம் வருகிறேன். நியாயம் தெரிகிறது. நியாயம் தெரிந்தால் எரிச்சல் அடங்குமா?

ஏப்ரல் 2, திங்கள்

இன்று செய்தேன்.

சுல்தான் "ஸுலைஹா, திண்டியா?" என்றது. அவள் "திண்ட" என்றாள். பிறகு சிரித்தாள். மாதக் கணக்கில் பார்க்காத சிரிப்பு. சீனியும் அவள் தோளில் இருந்து தலையை ஆட்டியது. மூன்று பேரும் ஒரு குடும்பம் மாதிரி. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், பரிமாற வந்த வேலைக்காரி மாதிரி.

வாயில் வந்துவிட்டது. "ஸுலைஹா, இத்தாவில இரிக்கிறவங்களுக்கு ஆம்புளக் குரல் கேக்கப்படாது. அதுவும் மவுத்தான மனுசன்ட குரல். பெரியாக்கள் சொல்லுவாங்க. கிளியப் பின்னுக்கு வெப்போம்."

எந்தப் பெரியாக்கள்? அப்படி எவரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கிய சட்டம்.

அவள் கேள்வி கேட்கவில்லை. கூட்டைத் தானே கொக்கியிலிருந்து கழற்றி என் கையில் தந்தாள். "நீங்க சொன்னா சரிதான் ராத்தா. எனக்கு இதெல்லாம் தெரியாதே."

கூட்டைக் குசினிப் பின்னால் கோழிக் கூட்டுக்குப் பக்கத்தில் கட்டினேன். அங்கிருந்து கத்தினாலும் அறைக்குக் கேட்காது. திரும்பி வரும்போது மனது இலேசாக இருந்தது. அதையும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 13, வெள்ளி

சுல்தான் பேசவில்லை. பதினொரு நாள். பாங்கு சொல்லி முடிந்ததும் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறது, அவ்வளவுதான். நெஞ்சில் இறகைத் தானே பிடுங்கி எறிகிறது. கூட்டுக்கடியில் பச்சைப் பச்சையாகக் கிடக்கிறது.

என் மனுசன் குசினிப் படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே அதற்குக் கொச்சிக்காய் நீட்டினார். வாங்கவில்லை. "இதுக்கு என்ன நடந்த?" என்றார். "இத்தாவுக்கு ஆம்புளக் குரல் ஆகாதாம்" என்றுவிட்டு நான் சட்டி கழுவினேன். சத்தமாகக் கழுவினேன்.

ஏப்ரல் 24, செவ்வாய்

மத்தியானம் வந்து படலையைச் சாத்துகிறேன், அறைக்குள்ளிருந்து கேட்கிறது: "ஸுலைஹா, திண்டியா?"

தலைக்கு ஏறிவிட்டது. எனக்குத் தெரியாமல் சுல்தானை உள்ளே கொண்டுவந்துவிட்டாளே! என்ட வீட்டில, என்ட சொல்லுக்கு மேலால! திரையை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

சுல்தான் அங்கே இல்லை. பேசியது சீனி. அவளுடைய முழங்காலில் நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, முஹ்ஸினின் இழுப்போடு. ஒரே அறையில் இருந்த காலத்தில் பொறுக்கியிருக்கிறது போல. ஆறு வருடமாக நான் "ராத்தா சொல்லு, ராத்தா சொல்லு" என்று தொண்டை வற்றக் கத்தியும் மீன்காரனுடைய ஹோர்ண் சத்தத்தைத் தவிர ஒன்றும் படிக்காத சீனி.

ஸுலைஹா அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பயந்து எழும்பினாள். "நான் படிப்பிக்கல்ல ராத்தா. அல்லாவறிய நான் படிப்பிக்கல்ல. இதையும் பின்னுக்குக் கொண்டு போறதெண்டா கொண்டு போங்க."

பயந்தாள். என்னைக் கண்டு. பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவள்.

நான் திரையை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 27, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்த மனுசன் குசினிக் கதவில் நின்று சிரித்தார்.

"மௌலவியிட்டக் கேட்ட. கிளிக்குமா இத்தாச் சட்டம், ஆரு சொன்ன எண்டு கேட்டு ஆள் சிரிச்சிட்டார். பயப்பட வேணாம், நான் ஒன்ட பேரச் சொல்லல்ல."

என் பெயரை நீங்கள் எப்போதுதான் சொல்லியிருக்கிறீர்கள்?

இது வாய் வரை வந்தது. வெளியேயும் வந்துவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார். பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

சுல்தானை உடனேயே உள்ளே கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினேன். "அது நானாச் சொன்ன கத. சட்டம் ஒண்டுமில்ல" என்றேன் தங்கச்சியிடம். ஏன் சொன்னேன் என்று அவள் கேட்பாள், எரிச்சல்தான் என்று சொல்லிவிடலாம் என்று நின்றேன். கேட்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்குமோ?

மே 3, வியாழன்

சுல்தானுக்கு இறகு முளைக்கிறது. பேச்சு வரவில்லை.

மே 6, ஞாயிறு

நானே பழக்கலாம் என்று பார்த்தேன். ஸுலைஹா தொழுதுகொண்டிருக்கிறாள் என்று நினைத்து, கூட்டுக்கு முன்னால் நின்று, முஹ்ஸின் மாதிரி இழுத்து, மெதுவாக: "ஸுலைஹா, திண்டியா?" சுல்தான் முதுகைக் காட்டியது. மறுபடி: "ஸுலைஹா, திண்டியா?"

"இன்னும் இல்ல ராத்தா."

பாய்க்குப் பக்கத்தில், தொழுத உடுப்போடு இருந்துகொண்டு என்னைப் பார்க்கிறாள். கிளிக்குச் சொன்னதென்று அவளுக்கு விளங்கவில்லை. தன்னைத்தான் கேட்டேன் என்று நினைத்துவிட்டாள்.

மூன்று மாதம் மூன்று நேரமும் தட்டைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். எடுத்திருக்கிறேன், கழுவியிருக்கிறேன். ஒரு தரமாவது கேட்டேனா? என்னை ஒருவரும் கேட்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியவள்!

"வா, ரெண்டு பேரும் திம்போம்" என்றேன். ஒரே சகன் தட்டில் போட்டுச் சாப்பிட்டோம், சின்ன வயதில் மாதிரி. மீனில் தலைப் பக்கத்தை அவளுக்கு வைத்தேன். சீனி அவள் பக்கம்தான் நின்றது. எரியத்தான் செய்தது. ஆனால் சோறு இறங்கியது.

ஜூன் 11, திங்கள்

நாளைக்கு இத்தா முடிகிறது. முந்தலுக்குப் போய்க் கடையைத் தானே திறக்கப் போகிறாளாம். கடைச் சொந்தக்காரர் சம்மதித்துவிட்டார். "அவர் இரிந்த இடத்தில நான் இரிந்து நிறுப்பன்" என்கிறாள். இவளுக்கு இவ்வளவு நெஞ்சு எங்கிருந்து வந்தது?

கேள்வி கிளிதான். சுல்தான் அவளுடையது, ஊமையாகிவிட்டது. ஊமையாக்கியது நான். முஹ்ஸினுடைய குரல் இப்போது இருப்பது சீனியின் தொண்டையில். சீனி என்னுடையது. என்னுடையதா? காது கடித்தது, தோளுக்கு வராது, தங்கச்சி பெயரைத்தான் சொல்லும். இருந்தாலும் என்னுடையது. கொடுக்க முடியாது. கொடுக்க மாட்டேன். அவளும் கேட்க மாட்டாள், எனக்குத் தெரியும். கேட்காமலே போய்விடுவாள்.

கேட்டுத் தொலைத்தால் என்ன? மறுத்தாவது இருப்பேன்.

ஜூன் 12, செவ்வாய்

குளித்து, புது உடுப்பு உடுத்து, நாலு மாதத்துக்குப் பிறகு முற்றத்து வெயிலில் நின்றாள். கண் கூசியது அவளுக்கு. வேன் வந்து நின்றது. சுல்தானின் கூட்டைத் தூக்கினாள்.

"அத வெச்சிட்டு சீனியக் கொண்டு போ."

என் குரல்தான். நானே திடுக்கிட்டேன்.

"ராத்தா, அது உங்கட…"

"எனக்கு அந்தக் கேள்வி கேட்டு என்ன செய்ய? என்ட பேர் ஸுலைஹா இல்லியே. கொண்டு போ, மனம் மாற முன்னம் கொண்டு போ."

கட்டிப் பிடித்தாள். நான் விறைத்துக்கொண்டு நின்றேன், அழுதால் கூட்டைப் பறித்துவிடுவேன் என்ற பயம். வேன் திரும்பும்போது பார்த்தேன். சீனி என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தரம் பார்த்திருக்கலாம். ஆறு வருடம், ஒரு தரம்.

ஜூன் 20, புதன்

ஸுலைஹா போனில் கோல் எடுத்தாள். கடைக்கு வருகிற ஆட்கள் எல்லோரும் கிளியோடு கதைக்கிறார்களாம். மத்தியானம் தவறாமல் கேட்கிறதாம். "திண்ட எண்டு சொன்னா விடுறதில்ல ராத்தா, மறுபடியும் கேக்கும். பொய் தெரியுது போல." சிரித்தாள். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுல்தானை மனுசன் குசினிப் பக்கம் வைத்துக்கொண்டார். அவர் கொடுக்கும் கொச்சிக்காயை மட்டும் வாங்குகிறது. சரி, அதுவும் அவருக்கே போகட்டும். எனக்கு எதற்கு?

ஜூலை 1, ஞாயிறு

தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உச்சமுனையிலிருந்து கருவாடு ஏற்றி வந்த மனுசன் பின்னால் கை கழுவும் சத்தம் கேட்டது. பிறகு பேச்சுக் குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கதவு அரைவாசி சாத்தியிருந்தது.

சுல்தானோடு கதைக்கிறார். கூட்டுக் கம்பியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, ஒரு சொல்லைச் சொல்லிப் பார்ப்பதும் நிறுத்துவதுமாக. மனனமில்லாத பாடத்தை ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி.

"முனவ்வரா." கொஞ்சம் இருந்து, "முனவ்வரா, திண்டியா? சொல்லுடா. முனவ்வரா, திண்டியா?"

இருபது வருடத்தில் என் பெயரை அவர் வாயிலிருந்து இன்றுதான் கேட்கிறேன். கேட்பது நான். சொல்லப்படுவது கிளிக்கு. பாருங்கள் இந்த மனிதரை! எனக்கு நேரே சொல்ல வராததை அந்தப் பெரிய தலையனுக்குச் சொல்கிறார். சுல்தான் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அவர் மூன்றாம் தரமும் கேட்டார்.

துருவலைக் கையில் வைத்துக்கொண்டே, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து நான் சொன்னேன்:

"இன்னும் இல்ல."