கூடத்தில் கிணறுள்ள மரக்கலம்

கடல் தன் எல்லையில் நிற்க. கோல் தன் நேரில் நிற்க. மழை தன் மாதம் தவறாது பெய்க.

வெண்கானல் நாட்டின் ஏழு துறைகளையும் உடையாளும், கலமேறிப் போனவர் மீளவும் கரையில் இருந்தவர் வாழவும் காவல் பூண்டு அலைமுகப் பீடத்தில் வீற்றிருப்பவளுமாகிய கோப்பெருந்தேவி திருநிலை நாச்சியார் விடுக்கும் திருமுகம்.

செம்பட்டுக் குடையும் வெண்சங்கும் விருதாகப் பெற்றவரும், புன்னைத்துறைக்குத் துறைநாயகரும், எம் தந்தையாருக்கு இளைய மகனும், எமக்கு உடன்பிறந்த ஒரே தம்பியுமாகிய விடங்கராயர் கண்டு கொள்வது.

உம் துறை வாழ்க. அத்துறையின் உப்பும் மீனும் முத்தும் பெருகுக. அங்கே ஒதுங்கும் மரக்கலங்கள் யாவும் வாழ்க. அவற்றுள் மெய்யாகவே மரக்கலமாக இருப்பவை இன்னும் சற்று அதிகமாக வாழ்க.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. எழுத்து அழகு. கார்த்திகைப் புயலில் புன்னைத்துறைக்குள் கடல் புகுந்ததென்றும், புகுந்த கடல் தானே திரும்பிப் போயிற்றென்றும், பரதவர் குடியிருப்பில் சிறு சேதம் நேர்ந்ததன்றி வேறு குறையில்லை என்றும் எழுதியிருந்தீர். அதோடு நிறுத்தவில்லை. அந்த இடம் மனிதர் வாழத் தகாதது என்பதைக் கடலே காட்டிவிட்டதால், எஞ்சிய பரதவரை உப்பளத்துக்கு அப்பால் அகற்றவும், ஒழிந்த மணலில் பெருவணிகர் ஐவர் தத்தம் கலங்களை ஏற்றிக்கொள்ளவும் எம் முத்திரையை வேண்டியிருந்தீர்.

முத்திரை வருகிறது. அதற்கு முன் சிலவற்றை நினைவூட்டுவது எம் கடன்.

அலைவாய் தொடங்கிப் புன்னைத்தோப்பு வரை கிடக்கும் மணலுக்கு நம் தந்தையார் கடல்முற்றம் என்று பெயரிட்டார். பொங்கி வரும் கடல் அங்கே ஓடி, மணல்மேட்டில் முட்டி, மூச்சு வாங்கித் திரும்ப வேண்டும். அதற்கென்று விட்ட இடம் அது என்றார். அம்முற்றத்தில் கல் நாட்டலாகாது, தூண் ஊன்றலாகாது, கிணறு தோண்டலாகாது. கலம் இறக்கும் வழிக்கன்றி மணல்மேட்டை வெட்டித் திறப்பவனுக்குத் தலை போகும். கலம் ஏற்றி வைப்பது ஒன்றே ஆகும். சட்டம் இவ்வளவுதான், கல்லில் வெட்டித் துறைவாயிலில் நிறுத்தியிருக்கிறது. பரதவர் குடில்களை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. காற்று மாறினால் பிடுங்கிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நகர்கிறவர்களின் குடிலைக் கட்டடம் என்றால் நண்டு வளையை மாளிகை என்று சொல்ல வேண்டிவரும் என்று அவர் சிரித்ததை நீரும் அருகிருந்து கேட்டீர்.

சென்ற ஆனித் திங்களில் உம் புதுமனை காண, பிழை, உம் புதுக்கலம் காண எம்மை விருந்துக்கு அழைத்தீர். வந்தோம். மணல்மேட்டுக்கும் தோப்புக்கும் நடுவே அது நின்றது. முன்புறம் யாளிமுகம். இருபுறமும் வளைத்தடித்த பலகை. அடியில் ஆளுயரக் கருங்கல் அடுக்கு. அது கலத்தாங்கி என்று சொல்லப்பட்டது. மேலே மூன்று நிலை, சுண்ணாம்புத் தளம், துளசி மாடம், பல்லக்கோடு நுழையும் வாயில். பாய்மரம் இல்லையென்று சொல்ல மாட்டோம். இருந்தது. அதில் ஊஞ்சல் கட்டியிருந்தீர்.

நடுக்கூடத்தில் ஒரு கிணறு.

இது யாது என்று உம் துறைக்கணக்கன் குழைக்காதனை வினவினோம். அவன் கை கட்டி, வாய் புதைத்து, "கலம்னா கசிவு இல்லாம இருக்குமா தேவி? இது கொஞ்சம் ஆழமான கசிவு" என்றான். விருந்தினர் வயிறு குலுங்கச் சிரித்தனர். அந்தக் கசிவுக்கு உருளையும் கயிறும் பூட்டியிருந்தது. நீரோ வெற்றிலையை மடித்து எம் கையில் தந்து, "அக்கா, கல்லைப் போய்ப் படிச்சுப் பாருங்க. கலம் ஏத்தலாம்னு அப்பாவே வெட்டி வச்சிருக்கார். ஒரு எழுத்து மீறியிருந்தா சொல்லுங்க, நானே இடிச்சுடறேன்" என்றீர்.

ஓர் எழுத்தும் மீறப்பட்டிருக்கவில்லை. வெற்றிலையை மென்றபடி எழுந்து வந்தோம்.

ஆடியில், மேல்நிலையிலிருந்து பார்த்தால் கடல் தெரியவில்லை என்பது உமக்குக் குறையாயிற்று. மணல்மேடு நடுவில் பிளக்கப்பட்டது. ஊரார் வந்து கேட்டதற்கு, கலம் என்று ஒன்று இருந்தால் அது கடலில் இறங்க வழி வேண்டாமா என்று உம் மன்றம் திருப்பிக் கேட்டது.

அதே திங்களில் குழைக்காதன் ஒரு பெரும் உண்மையைக் கண்டறிந்தான்: பரதவர் குடிலுக்கு நான்கு கால்கள் உண்டு. கால் என்பது தூண். தூண் ஊன்றலாகாது. குடில்கள் பிடுங்கப்பட்டன. அவர்கள் தம் தோணிகளைக் கவிழ்த்து அவற்றின் அடியில் படுத்தனர். கவிழ்த்த தோணி கூரை என்றும், கூரையுள்ளது வீடு என்றும் நீரே மன்றில் அமர்ந்து தீர்ப்பளித்தீர். தோணிகள் புன்னை மரங்களோடு சங்கிலியால் பிணிக்கப்பட்டன. பூட்டின் மேல் உம் அரக்கு முத்திரை விழுந்தது. இவ்வாறாகப் புன்னைத்துறையில் மாளிகை கலமாயிற்று, கலம் வீடாயிற்று.

பிறகு கார்த்திகை வந்தது.

தை பிறந்ததும் எம் வாயிலில் ஒருத்தி வந்து நின்றாள். பெயர் சங்காயி. உம் துறைப் பரதவப் பெண். கணவனை இழந்தவள், தன் தோணியைத் தானே செலுத்துகிறவள். அவள் சொன்னதை எம் ஓலைநாயகம் செந்தமிழாக்க முற்பட்டார். வேண்டாம், வாயிலிருந்து விழுந்தபடியே எழுதும் என்று பணித்தோம். விழுந்தபடி இது:

"தாயி, நான் நியாயம் கேக்க வரல. நியாயத்த வச்சு நான் என்ன செய்ய, கொழம்பா வைக்க முடியும்? என் தோணிய அவுத்து விடச் சொல்லுங்க, அது போதும். காலு கூடாதுன்னாக, குடிசையப் புடுங்குனோம். கவுத்த தோணி வீடுன்னாக, சங்கிலியப் போட்டுட்டாக. அன்னிக்கி மேட்டப் பொளந்த வழியா தண்ணி வந்துச்சு. ஏறி வரல தாயி, கதவத் தொறந்துட்டு வாற மாதிரி வந்துச்சு. உங்க தம்பி கப்பலப் பாத்து ஓடுனோம். உசரமா இருக்கே, படியிலயாச்சும் நிக்கலாம்னு. அந்தக் கணக்கன் மேல நின்னுக்கிட்டு, இத்தன பேரு ஏறுனா கப்பல் தாந்துரும், போங்கடின்னு வெரட்டுனான். திரும்பி வந்து சங்கிலிய அறுக்கப் பாத்தோம். அரண்மன இரும்பு, அறுமா? எம்மவ சேந்தி புன்ன மரத்தக் கட்டிப் புடிச்சிட்டிருந்தா. தோணிய நிமித்திட்டு வாறேன், கைய விட்றாதடின்னேன். சொன்ன பேச்சு கேக்குற புள்ளதான். தண்ணிதான் கேக்கல. என் வீடு மெதக்கத் தெரிஞ்ச வீடு தாயி. கட்டிப் போட்டுட்டாக."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. அவையில் அழுதவர்கள் வேறு சிலர். அவர்களுள் இருவர் உம் விருந்தில் சிரித்தவர்கள்.

நீர் எழுதிய சிறு சேதம் இதுதானா, இதைவிடச் சிறியது வேறேதும் உண்டா என்பதை அறியோம். அந்நேரம் நீர் மேல்நிலையில் இருந்தீரா, உறங்கினீரா, குழைக்காதன் குரல் உமக்குக் கேட்டதா என்று அவளிடம் யாம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எம் தூதர் வந்து கண்டு சொன்னது ஒன்று மட்டும் உண்டு. அன்று உம் கலத்தைச் சுற்றி மார்பளவு நீர் நின்றதாம். கடலே வாசலுக்கு வந்து அழைத்திருக்கிறது. உம் கலம் விரற்கடையும் எழும்பவில்லை.

வழக்கு மாமன்றத்தில் வைக்கப்பட்டது. அறங்கூறுவோர் நெடுநேரம் பேசி ஒரே இடத்துக்கு வந்தனர். உம்முடையது வீடு எனில், மணல்மேட்டில் நீர் திறந்தது வழி அன்று, சாளரம். காற்று வாங்க மேட்டை வெட்டியவனுக்கு என்ன தண்டம் என்பது கல்லில் இருக்கிறது. தண்டநாயகர் அதை உரக்கப் படித்தார், இருமுறை. உம்முடையது கலம் எனில், திறந்தது கலம் இறங்கும் வழியே. அதற்குத் தண்டம் இல்லை. ஆகவே உம் தலைக்கும் உம் தோளுக்கும் இடையே இப்போது நிற்பது குழைக்காதனின் அந்த ஒரு சொல்தான்.

அச்சொல்லை யாம் மறுக்கவில்லை. உம் தீர்ப்புகளில் ஒன்றையும் மாற்றவில்லை. உம்முடையது கலமே. ஆதலின் ஆணையாவது:

பங்குனி முழுமதியன்று ஓதம் உயரும் வேளையில் உம் கலம் கடலில் இறங்குக. இழுப்பதற்கு அரண்மனை யானைகள் புறப்பட்டுவிட்டன. இவ்வோலையை நீர் பிரிக்கும்போது அவை ஆற்றைக் கடந்திருக்கும், தீனி ஆயத்தம் செய்து வையும். வழி தேடும் துன்பமும் உமக்கு இல்லை; வெட்டியே வைத்திருக்கிறீர். சுக்கானில் நீர் நிற்பீர். குழைக்காதன் உடனிருந்து கசிவை இறைப்பான். சமையல்காரர், தோட்டக்காரர், ஏவலர் எவரும் ஏறலாகாது. அவர்கள் ஒருநாளும் அதைக் கலம் என்று சொன்னதில்லை. பெருவணிகர் ஐவரும் கரையில் நின்று பார்க்கக் கடவர். பார்த்த பின்னும் தத்தம் கலங்களை ஏற்ற விரும்பினால் ஏற்றிக்கொள்ளட்டும், இதே முறையில் இறக்குவதாக ஒப்பி.

கலம் மிதந்தால் மீண்டும் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளும். எம் வாழ்த்தும் உண்டு. இழுக்கையில் தளம் பிளந்து சுவர் சரிந்தால் அது கலக்கேடு. செய்த தச்சரை நீரே கேட்டுக்கொள்ளும். உடைந்த மரம் பரதவர்க்கு. கருங்கல் உமக்கன்று, மேட்டின் பிளவுக்கு. அதன்மேல் கொட்டும் மணலை உம் மன்றத்தார் தலையில் சுமப்பார்கள், அடும்பங்கொடி படர்ந்து வேர் பிடிக்கும் வரை. பரதவர் தோணிகள் அனைத்தும் அவிழ்க்கப்படும். அவர்கள் குடில் நின்ற இடத்திலேயே நிற்கும், நான்கு கால்களோடு.

ஏற மாட்டேன், அது வீடுதான் என்று மன்றில் சொல்லும் உரிமையும் உமக்கு உண்டு. சொல்லுமுன் தண்டநாயகர் முகத்தை ஒருமுறை பாரும்.

இதுவரை அரசி எழுதியது. தம்பி, இந்த ஒரு வரி அக்காள் எழுதுவது: கலம் என்றே சொல். அப்பா உனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

மேலும், உமக்காகக் கடலில் ஒரு தோணி நிற்கும். சங்காயியை அழைத்து, அன்று நீ நிற்பாயா என்று கேட்டோம். ஆணையிடவில்லை, கேட்டோம். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "விழுந்தவன் ஆருன்னு பாத்துத் தூக்குற வழக்கம் எங்ககிட்ட இல்ல தாயி. கையக் குடுப்பேன். மொகத்தப் பாக்க மாட்டேன்" என்றாள்.

அவள் தோணியின் சங்கிலியை வெட்டி விடுவித்தாயிற்று. ஆயினும் உம் தீர்ப்பின்படி அது இன்றும் வீடே. ஆகையால் அவள் கையைப் பற்றி ஏறும்போது, பிறர் வீட்டினுள் புகுபவர் எப்படிப் புகுவாரோ அப்படித் தலை குனிந்து ஏறும். அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள்.

இவை கோப்பெருந்தேவி ஆணை. கடல் சாட்சி, கல் சாட்சி. மாசித் திங்களில் மாமன்றத்து நடுவே எழுதி, மடித்து, சங்காயியின் தோணிப் பூட்டிலிருந்து பெயர்த்தெடுத்த அரக்கை உருக்கி இட்டது. முத்திரை வேண்டியிருந்தீர். இதுவே அது.