இடது காலை நீட்டியவர்கள்

ஜனவரி 24, சனி

விடியும் முன்பே கிளம்பியாச்சு. கடும் பனி. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே கை ஓய்ந்தது.

நீலாம்பூர் பெட்ரோல் பங்க்கில் கூடினோம். பன்னிரண்டு வண்டி. ஹம்பி வரை போய்வர மூன்று நாள், குடியரசு தின லீவு. எல்லா வண்டியிலும் கொடி. என் வண்டியிலும் யாரோ கட்டிவிட்டான், கேட்காமலே.

கேப்டன் பிரதீப் (மில் முதலாளி மகன், வண்டி விலையை மூச்சுக்கு மூன்று தரம் சொல்லுவான்) விதிமுறைப் பிரசங்கம். பள்ளம், கல், எது கிடந்தாலும் அந்தப் பக்கக் காலை நீட்டிக் காட்டணும். பின்னால் வருகிறவனும் பார்த்து நீட்டணும். அப்படியே கடைசி வரை. நான்தான் கடைசி வண்டி, வயதில் மூத்தவன் என்பதால். யார் விழுந்தாலும் கடைசி ஆள் நிற்கணுமாம். படம் பிடிக்க என் ஹெல்மெட்டில் கேமரா.

அவினாசி தாண்டி நூறைத் தொட்டேன். அந்தச் சுகம் பொய்யில்லை. எஞ்சின் அதிர்வு நெஞ்செலும்பில் ஏறுகிறது. பட்டறை, லேத்து, பம்ப் ஆர்டர், எதுவும் நினைவில் இல்லை. இதற்காகத்தான் ஆறு மாதமாகக் காத்திருந்தேன்.

அதே நாள், சாயங்காலம். சித்ரதுர்கா லாட்ஜ்.

எழுதித் தொலைக்கிறேன்.

பெருந்துறைக்கு முன்னால் பால வேலை. சர்வீஸ் ரோட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். நன்றாக விடிந்துவிட்டது. ஒட்டி ஒட்டிப் போகிறோம். முன்னால் ஒரு பெரியவர், மொபெட்டில். பின் சீட்டில் குறுக்கே சோளத்தட்டுக் கட்டு. கேப்டன் ஹாரனைவிட்டுக் கை எடுக்கவில்லை. அவருக்கு ஒதுங்க இடம் ஏது? இவன் சந்தில் நுழைந்தான். அவன் வண்டியின் பக்கப் பெட்டி அந்தத் தட்டுக்கட்டில் மாட்டி இழுத்தது. பெரியவர் இடது பக்கம் விழுந்தார், மொபெட் அவர் மேலே.

கேப்டன் திரும்பிப் பார்த்தான். நிற்கவில்லை. இடது காலை நீட்டினான்.

இரண்டாவது ஆளும் நீட்டினான். மூன்றாவது, நான்காவது. விழுந்து கிடக்கிற மனுசனைப் பள்ளம் என்று காட்டிக்கொண்டே வரிசையாகப் போனார்கள். அவர் ஒரு கையைத் தூக்கினார்.

நானும் நீட்டினேன். எனக்குப் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. யாருக்குக் காட்டினேன்?

தூ.

ஜனவரி 25, ஞாயிறு. ஹம்பி.

வெயில். கல், கல், மேலும் கல். ஒருத்தனும் கல்லைப் பார்க்கவில்லை. கல்லுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி வண்டியைப் படம் எடுக்கிறார்கள்.

காலையில் கேப்டன் பெட்டியில் விழுந்த கீறலை ஷாம்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். இட்லி சாப்பிடும்போது மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"பெருசு சரக்குல இருந்திருக்கும்ணா. தானா சாஞ்சிருச்சு. கேமராவுல அந்தப் பீசை மட்டும் தூக்கிப்போட்டு அனுப்புங்ணா."

"செரி" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இட்லி வேறு சாப்பிட்டேன். நாற்பத்தாறு வயது. வெட்கமில்லை.

தங்குமிடக் கக்கூஸில் தண்ணீர் வரவில்லை என்று சாயங்காலம் பத்துப் பேர் கூடிச் சண்டை போட்டார்கள். அதற்கெல்லாம் நிற்கத் தெரிகிறது.

ஜனவரி 27, செவ்வாய். வீடு.

உடம்பு வலி. பட்டறை போகவில்லை. வண்டியைத் தொடப் பிடிக்கவில்லை.

சுமதி கேட்டாள், "ஏனுங்க, வந்ததுலருந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருக்கறீங்க?" பொண்டாட்டியிடம் எத்தனை நாள் மறைப்பது? வீடியோவைக் காட்டினேன்.

முழுதும் பார்த்தாள். "அப்பறமாச்சும் திரும்பிப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல. வரும்போதும் அந்த வழிதான். நிக்கலை."

எழுந்துபோய்க் குக்கரை இறக்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 28, புதன்

வெயில் சுள்ளென்று. சிங்காநல்லூரில் ஈரோடு பஸ். ஜன்னலோரம் நின்றுகொண்டே பயணம். வழியில் கேப்டனிடமிருந்து செய்தி: 'அந்தப் பீசு தூக்கியாச்சுங்களாணா?' பதில் போடவில்லை.

பால வேலை நடக்கிற இடத்து டீக்கடையில் விசாரித்தேன்.

"சோளத்தட்டோட உளுந்தவருங்களா? நாச்சிமுத்துங்க. தோள்பட்டை முறிஞ்சு கட்டுப் போட்டிருக்குது. சரக்கப் போட்டுட்டு உளுந்துபோட்டு, பைக்கு இடிச்சுதுங்கறாரு. பன்னெண்டு பைக்காமா. கணக்கு வேற." கடைக்காரர் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வழி கேட்டேன்.

ஓட்டு வீடு. வாசலில் எருமை. அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மோர் வந்தது. நான் யார் என்று தெரியாமலே இவ்வளவு மரியாதை. பிடுங்கித் தின்றது.

"எந்தூருங்க? என்ன சோலியா வந்தீங்க?"

"சிங்காநல்லூருங்க. பெரியவருக்கு அடிபட்டுதுன்னு கேள்விப்பட்டு..."

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "ஏழு வருசமாக் குடியைத் தொடலீங்க. கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுனவரு. இப்ப மறுக்காப் பூந்துட்டாரு. கேட்டா பைக்குக்காரங்க மேல பழி. நாலு நாளா நான் பேசறதில்லீங்க. மகனும் பேசறதில்ல."

கட்டிலில் படுத்திருந்தவர் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னிடம் மட்டும் சொன்னார், "ஒண்ணே ஒண்ணு வெளங்கலீங்க தம்பி. இடிச்சவன் போறான், செரி. மத்தவங்க ஏனுங்க ஒவ்வொருத்தரா என்னையப் பாத்துக் காலை நீட்டிட்டுப் போனாங்க? உதைக்கறாப்பல. இதைச் சொன்னா ஊரே சிரிக்குது."

சிரிக்காமல் என்ன செய்யும்? குடிகாரன் சொல்லுகிற கதை மாதிரியே இருக்கிறது. செய்தது நாங்கள்.

போனை எடுத்தேன். இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி கட்டிலோரம் உட்கார்ந்து பிடித்தேன். பெட்டி மாட்டியது. அவர் விழுந்தார். கால்கள். அந்த அம்மா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஐந்துக்குப் பிறகு குரல் உடைந்தது, எண்ணுவதை நிறுத்தவில்லை.

"பத்து... பதினொண்ணு." வீடியோ முடிந்தது. "பன்னெண்டுன்னாருங்களே இவரு?"

"பன்னெண்டாவது நானுங்க. படம் புடிச்சது நாந்தானுங்க."

பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மனைவியையேதான் பார்த்தார்.

"பாத்துக்க அம்மணி. நான் குடிக்கலை."