ஜப்பான் ரயிலில் பக்கத்து இருக்கை

கெலுகோர் வீட்டில் தனியாக இருக்கும் உனக்கு,

தோக்கியோ வந்துவிட்டேன். நாளை தொழிற்சாலைப் பயிற்சி.

கிளம்பும்போது, நம் பாப்பாவின் மாலை போட்ட படத்திடம் "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல், வாய்தவறி "வா பாப்பா, ரயில் ஏறலாம்" என்றேன். "அப்படிக் கூப்பிடாதீங்க லா, கூடவே வந்துருவா!" என்று நீ பதறினாய். உயிரோடு இருந்தபோது, பட்டர்வொர்த் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதவள் அல்லவா பாப்பா!

விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்கு ரயிலில் வந்தேன். பலர் நின்றுகொண்டே வந்தார்கள். என் பக்கத்துச் சன்னலோர இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. டிக்கெட் பார்க்க வந்தவர் அந்த இருக்கையைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்.

ஓட்டலில் எனக்குச் செருப்பு தந்தார்கள். பக்கத்தில் சின்னதாய் இன்னொரு ஜோடியும் வைத்தார்கள். அதையும் அறைக்கு எடுத்து வந்தேன்.

கடிதம் கிடைத்ததும் படத்தைப் பார். அவள் அதிலேயே இருந்தால், எனக்கு எழுதாதே.

உன் கணவன்