கிற்றார் கூப்பிட்ட விதம்

இஞ்சேருங்கோ,

மார்க்கம் நகரில் எங்கள் மகள் நிரோஷினி வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிறு மத்தியானம், "அம்மா, சும்மா வாங்கோ, சாப்பிட்டிட்டு வருவம்" என்று நிரோஷினி கூட்டிப்போன இடத்தில் ஒரு மேடை இருந்தது. மேடையில் கிற்றாரோடு நீங்கள் இருந்தீர்கள். எழும்பிப் போகத்தான் பார்த்தேன்.

ப்ளூஸ் இசை வாசிக்க எங்கே பழகினீர்கள் என்று உங்களை அறிமுகப்படுத்தியவர் கேட்டார். மன்னாரில் மாதா கோயில் பாடகர் குழுவையும், ஒஷாவா தொழிற்சாலையில் கூட வேலை செய்த கறுப்பினக் கிழவர் தந்த கசெட்டையும் சொன்னீர்கள். அந்தக் கசெட்டைத்தானே முப்பது வருசம் ஏசினேன்.

பிறகு வாசித்தீர்கள். ஒரு கம்பியை விரலால் மேலே தள்ளி, சத்தத்தை இழுத்து, மெல்லக் கீழே விட்டீர்கள். குசினி வாசலில் நின்று, சமைத்துக்கொண்டிருக்கிற என்னை நீங்கள் கூப்பிடுகிற "இஞ்சேரும்" அது. பெயர் சொல்லி என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லையே. 'சே'யில் இழுத்து 'ரும்'மில் இறங்குவீர்கள். அப்படியே இருந்தது.

பக்கத்து மேசை வெள்ளைக்காரி கண்ணைத் துடைத்தாள். அவளுக்கு என்ன விளங்கியதோ. முப்பது வருசமாக ரொறன்ரோ பார்களில் எல்லாம் என்னையா கூப்பிட்டுக்கொண்டு திரிந்தீர்கள்?

நான் உங்களை விட்டுச் சூட்கேசோடு வெளிக்கிட்ட அன்று நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. பின்னால் கிற்றார் சத்தம் மட்டும் கேட்டது. அதையும் ஏசிக்கொண்டுதான் லிப்ற்றில் ஏறினேன்.

சனிக்கிழமை வீட்டில் நிற்பீர்களா?

இப்படிக்கு,
இஞ்சேரும்