அஞ்சலையின் கத்திப்பிடி

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு.

இன்று மதியம் ஏரிக்கரையில் அஞ்சலை மீன் அரிந்துகொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த கத்திக்குப் பிடி போட்டது நான் இல்லை. உலாந்தாக்கார வெள்ளையர் கோட்டைக்கே கத்திப்பிடி செய்து கொடுக்கிறவன் நான். என் பெண்டாட்டி கையில், குப்பத்தில் இன்னொரு பட்டறை வைத்திருக்கும் நாகய்யா செய்த பிடி.

"இன்னா இது?" என்றேன்.

"நீ அரக்கு பூசிப் பளபளன்னு முடிக்கிற. மீன் வழும்பு பட்டா வழுக்குது. அவரு வெறும் எண்ணெய் ஊறவெச்சுத் தேய்ச்சிருக்காரு. ஈரத்துலயும் கையில நிக்குது."

வாங்கிப் பிடித்துப் பார்த்தேன். எனக்குச் சிறிதாக இருந்தது. அவள் கைக்கு அப்படியே பொருந்துகிறது. எப்படி என்று கேட்டேன். நாகய்யா ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னானாம். அந்த அச்சைப் பார்த்துச் செதுக்கினானாம். சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அவள் விரல் பதிந்த மண் இன்னொருத்தன் வீட்டில் இருக்கிறது. பொழுது சாய நாகய்யா பட்டறைக்கே போய், "என் சம்சாரத்தோட அச்சைக் குடு" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. சுவரோரப் பலகையைக் காட்டினான். குப்பத்துப் பெண்கள் பிடித்த மண் உருண்டைகள் அதில் காய்ந்து கிடந்தன.

"எதுன்னு பாத்து எடுத்துக்கண்ணே," என்றான்.

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். எது அஞ்சலையுடையது என்று எனக்குத் தெரியவில்லை. நாகய்யாவுக்குத் தெரிந்திருக்கும். அவனிடம் கேட்க வாய் வரவில்லை.