காந்தவல்லியின் இடது கால்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அண்ணனிடமிருந்து ஃபோன். "இனிமே என்னால வரைய முடியாது. வேற ஆளப் பாத்துக்கோ." அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

பத்தொன்பது வருஷம், தொண்ணூற்றாறு காமிக்ஸ் புத்தகங்கள். நான் கதை எழுத, அவன் வரைய, எங்கள் காந்தவல்லி இரும்பை எல்லாம் தன் பக்கம் இழுத்து, ஓடும் ரயிலை நிறுத்தி ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அவன் வலது கை நடுங்குவது ஒரு வருஷமாகவே எனக்குத் தெரியும். கோடு கோணும்போதெல்லாம், "புது ஸ்டைலா இருக்கே" என்று மழுப்பினேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 5, வியாழன்

பதிப்பகத்தில் புது ஓவியராக ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்துவிட்டார்களாம். இவ்வளவு சீக்கிரமா!

மார்ச் 11, புதன்

97ஆம் புத்தகத்தின் முதல் எட்டுப் பக்கங்கள் வந்தன. தேர்ந்த கை, மறுக்க முடியாது. முகம் அப்படியே காந்தவல்லிதான். ஆனால் எல்லாக் கட்டத்திலும் இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள். நான் அப்படி எழுதவே இல்லையே! வந்து எட்டுப் பக்கம் ஆகவில்லை, அதற்குள் என் பெண்ணை நொண்ட வைத்துவிட்டாளே. நாளைக்கு நேரில் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காவிட்டால் –

மார்ச் 12, வியாழன்

கேட்டேன். பதிப்பக மாடியில், எல்லார் முன்னாலும்.

அந்தப் பெண் எழுந்து அலமாரியிலிருந்து 52ஆம் புத்தகத்தை எடுத்து வந்தாள். நடந்தபோதுதான் பார்த்தேன். அவளுக்கும் இடது கால்.

"இதுல பாலம் விழுந்து கால் நசுங்கிடுது. இனி பழையபடி நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்றார். நீங்க எழுதினதுதான், மேடம்."

53இல் காந்தவல்லி நொண்டுகிறாள். 54இலும் நொண்டுகிறாள். 55இல் – ஓடுகிறாள்.

"அப்போ எனக்குப் பதினாறு வயசு. விபத்தாகி அஞ்சு மாசம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் நொண்டிட்டிருந்தோம். திடீர்னு அவ மட்டும் ஓடிட்டா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

குடையைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணன் வீடு. "பத்து நாளா சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்கார், வா" என்றாள் அண்ணி.

விஷயத்தைச் சொன்னேன். 55ஐ எடுத்துப் புரட்டினான்.

"அந்த ஓட்டம் நல்லா வரணும்ங்கிறதுலயே இருந்தேன். கால் மறந்தே போச்சு. நீயும் பாக்கல."

நானும்தான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நாற்பது புத்தகம்! எப்படி?

"அந்தப் பொண்ண இங்க கூட்டிட்டு வா" என்றான்.

மார்ச் 18, புதன்

அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும். முதல் வேலையாக அவளிடம் மன்னிப்புக் கேட்டான். யாரிடமும் இறங்கி வராத மனுஷன்! "ஐயோ, என்ன சார் நீங்க" என்று அவள் பதறிப்போனாள்.

பிறகுதான் சிக்கல். நாற்பது புத்தகமாக ஓடியிருக்கிறாளே, அதை என்ன செய்வது? எல்லாம் கனவு என்று வைத்துவிடலாமா என்றேன். இருவரும் ஒரே குரலில் "ச்சே!"

அண்ணன்தான் வழி சொன்னான். "ஷூவுக்குள்ள இரும்புப் பட்டை கட்டியிருந்தா? அவ காந்த சக்தியாலயே கால நிமிர்த்திப் பிடிச்சுட்டு ஓடியிருப்பா."

"அப்போ இத்தன நாளும் வலிச்சிருக்கும். யார்கிட்டயும் சொல்லல" என்றாள் அவள்.

"ஏன் மறைச்சா?" என்றேன்.

அண்ணன் மேஜைக்கு அடியிலிருந்த வலது கையை எடுத்து மேலே வைத்தான். அது ஆடிக்கொண்டிருந்தது. "ஏன்னு எனக்குத் தெரியும். சொல்றேன், எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. இந்த இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எதிரில் வைத்துக்கொண்டு எனக்கு வராது. அதனால் இங்கே.

மார்ச் 29, ஞாயிறு

காந்தவல்லி பட்டையைக் கழற்றும் பக்கத்துக்கு ஏழு தடவை வசனம் எழுதிவிட்டேன். வசனமே வேண்டாம் என்கிறாள் அந்தப் பெண். அவள் சொல்வதுதான் சரி. அடித்துவிட்டேன்.

மே 9, சனி

புத்தகம் வந்துவிட்டது. அண்ணனிடம் கொடுத்தேன். இதுவரை கதையை வரைந்து வரைந்தே தெரிந்துகொண்டவன், முதல் முறையாக உட்கார்ந்து படித்தான். பட்டையைக் கழற்றும் பக்கத்தில் மட்டும் ரொம்ப நேரம் இருந்தான். முடிந்ததும் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தான், அங்கே ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று.

"அப்புறம் என்ன ஆகுது?"

பத்தொன்பது வருஷத்தில் அவன் என்னைக் கேட்டிராத கேள்வி.

"சொல்ல மாட்டேன், போ."

"இவ அநியாயத்தப் பாரேன்!" என்று அண்ணியிடம் முறையிட அடுப்படிக்குப் போனான், புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு.